ஆறாவது முடிச்சா அஞ்சாவது: வெளிநாட்டுப் பள்ளியும் சான்றிதழும், உங்க அனுபவம் என்ன?

பாரிஸ் அம்மா:
மூணு வருஷமாச்சு, இன்னும் மனசுல கிடந்து உறுத்துது. ஏப்ரல்ல வந்தோம். மகளை சிஸியெம்ல போட்டாங்க. அதுவும் ஆறாவதுதான், அதனால எனக்கு எந்தச் சந்தேகமும் வரலை. பாதி நேரம் மொழி கத்துக்கிற தனி வகுப்பு, அவளுக்குக் கூட்டாளின்னு யாரும் சேரலை. ஜூன்ல பையைத் துவைக்க எடுத்தேன். அடியில நாலா மடிச்ச ஒரு தாள். அடுத்த வருஷம் சாங்கியெம்னு போட்டிருக்கு. அஞ்சாவது! "எப்பக் குடுத்தாங்க?"ன்னேன். "மூணு நாளாச்சும்மா, என்னைக் கீழ இறக்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டு சுவர் பக்கம் திரும்பிக்கிட்டா.

மறுநாள் பள்ளிக்கூடத்துல ஒருத்தங்க படிக்கட்டு மாதிரி வரைஞ்சு காட்டினாங்க. 6, 5, 4, 3, அப்புறம் ஸகோந்த் (ரெண்டாவது), ப்ரமியேர் (முதலாவது), கடைசியா தெர்மினால். எண் இறங்க இறங்க வகுப்பு ஏறுது. சேர்த்த அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மியூனிக் அப்பா:
உங்க மக மூணு நாள் மறைச்சா. என் பையன் மறைக்கலை, ஓடி வந்து காட்டினான். மூணாம் வகுப்புக் கணக்குத் தாள்ல பெருசா 2. வாசல்லயே நிக்க வச்சுத் திட்டினேன். இங்க 1தான் உசத்தி, 6 கடைசி, 2ன்னா "நல்லது"ன்னு சாயங்காலம் நண்பர் சொல்லித்தான் தெரியும். போய் மன்னிப்புக் கேட்டேன். "சொல்ல வந்தேன்ப்பா, நீங்க விடலை"ன்னான்.

அடுத்த வருஷமே அந்த எண்தான் எங்க வீட்டுப் பேச்சு. மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்துல நாலாவது முடியறப்பவே பிள்ளைகளை வேற வேற பள்ளிக்குப் பிரிக்கிறாங்க. ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூணுக்கும் சராசரி 2.33க்குள்ள இருந்தாத்தான் கிம்னாசியத்துக்கு, அதாவது பல்கலைக்கழகம் வரை கொண்டு போற பள்ளிக்குப் பரிந்துரை. பத்து வயசுப் பிள்ளைக்கு இதுன்னு எனக்கு யாரும் சொல்லலை.

ஹாம்பர்க்காரன்:
பாரிஸ் சகோதரி, கோவிச்சுக்காதீங்க. பள்ளி சொல்லியிருக்கணும்னு எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு அது பிறந்ததுல இருந்து பழக்கம், நமக்குத் தெரியாதுன்னே அவங்களுக்குத் தோணாது. நாமதான் கேக்கணும். மியூனிக் அண்ணா, நாலாவதுலயே பிரிக்கிறது ஜெர்மனி முழுக்க இல்லை. பெர்லின்லயும் பிராண்டன்பர்க்லயும் தொடக்கப் பள்ளி ஆறு வருஷம். எந்த மாநிலத்துக்குப் போறோம்னு பார்க்காம எதையும் முடிவு பண்ணக்கூடாது.

என் கதை ஒரு வரிதான். விசா கவுன்டர்ல "பட்டியல்ல உங்க கல்லூரி இருக்கு, உங்க டிகிரி இல்லை"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்க.

அதனால கிளம்பப் போறவங்களுக்குச் சொல்றேன். அந்தப் பட்டியல்தான் அனபின், வெளிநாட்டுக் கல்லூரியையும் பட்டத்தையும் மதிப்பிடற ஜெர்மன் தரவுத்தளம். அதுல கல்லூரி பேருக்கு நேரா எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டுங்கிற குறி இருந்தா மட்டும் போதாது, நீங்க வாங்கின பட்டமும் தனியா அதுல இருக்கணும். இல்லைன்னா உங்க பட்டம் எந்த ஜெர்மன் பட்டத்துக்குச் சமம்னு காட்டற ஒப்பீட்டுச் சான்று வாங்கணும், அதுக்கு நாளாகும், வேலை கிடைச்சப்புறம் அலையாதீங்க. நர்ஸ், டாக்டர், டீச்சர் வேலைக்கு அந்தச் சான்றும் உதவாது, மாநில அலுவலகத்துல தனி அங்கீகாரம் வாங்கணும். முக்கியமா பேரு. மார்க் ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருந்தா ரெண்டும் ஒரே ஆளோட பேருதான்னு நிரூபிக்கச் சொல்வாங்க. ஊர்ல இருக்கறப்பவே சரி பண்ணிட்டு வாங்க. செமஸ்டர் வாரியான பாடத்திட்டத்தையும் முத்திரையோட வாங்கிக்கோங்க. அசலை எங்கயும் தபால்ல அனுப்பாதீங்க.

லீட்ஸ் அப்பா:
அண்ணே, நாமதான் கேக்கணும்னா என்ன கேக்கணும்னு முதல்ல தெரியணுமே? நான் கேட்டேன். "எந்த வகுப்பு?"ன்னு கேட்டேன், "இயர் லெவன்"னாங்க. பரீட்சை எப்பன்னு கேக்கத் தோணலை.

இங்கிலாந்துல வயசுதான் கணக்கு. செப்டம்பர் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரை பிறந்தவங்க ஒரே வகுப்பு. என் மகன் ஆகஸ்ட் 28. நாலு நாள் தள்ளிப் பிறந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் கிடைச்சிருக்கும். ஜனவரியில சேர்ந்தான், மே மாசம் ஜிசிஎஸ்இ, பதினாறு வயசுல எழுதற பொதுத் தேர்வு. மத்த பிள்ளைங்க ரெண்டு வருஷமா படிச்ச ஷேக்ஸ்பியர் நாடகத்தை இவன் நாலு மாசத்துல படிக்கணும். பரீட்சையில புத்தகம் பார்க்க முடியாது. "பாத்திரங்களோட பேரை எழுதினேன்ப்பா, மிச்ச நேரம் உக்காந்திருந்தேன்"னான். கார்ல வர்ற வழியெல்லாம் நான் ஒண்ணும் பேசலை.

மியூனிக் அண்ணா, உங்களுக்கு 1 உசத்தி, இங்க 9 உசத்தி. இங்கிலீஷ் மொழியில 4 வந்தா சாதாரணத் தேர்ச்சி, அவனுக்கு 3. பதினாறு முடிஞ்சாலும் அதைத் திரும்பப் படிச்சே ஆகணும். நவம்பர்ல எழுதி 5 வாங்கினான். இலக்கியத்தை விட்டுட்டோம்.

பாரிஸ் அம்மா:
ஹாம்பர்க் தம்பி, பள்ளி மேல எனக்குக் கோவம் இல்லை. அந்தப் படிக்கட்டுத் தாளை இன்னும் வச்சிருக்கேன். மூணு நாளும் நான் கேட்டப்பெல்லாம் "ஸ்கூல்ல ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லிட்டு என்னோட உக்காந்து சாப்பிட்டாளே, அதைத்தான் எழுத வந்தேன்.