தலைப் பகுதி அனாட்டமி: மண்டையோட்டுத் துளைகளும் கேங்க்லியான்களும் மனதில் நிற்க எப்படித் திருப்பிப் படிப்பது?

முதலாண்டு_மாணவன்

சீனியர் அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வுக்கு 3 வாரம் இருக்கிறது. கை, கால், வயிறு எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. தலைதான் படியவில்லை. மண்டையோட்டின் அடித்தளத் துளைகளைப் பட்டியலாக ஒப்பிக்க முடிகிறது. எலும்பைக் கையில் கொடுத்தால் ஓவேல் எது, ஸ்பைனோசம் எது என்று விழிக்கிறேன். இன்டர்னல் கரோடிட் தமனி ஃபொரமென் லாசரம் (ஃபொரமென் என்றால் துளை) வழியாக மேலே ஏறுகிறது என்று நோட்ஸில் இருக்கிறது, ஆனால் படத்தில் அந்த ஓட்டையே குருத்தெலும்பால் அடைபட்டிருக்கிறது. எது சரி? பாராசிம்பதெடிக் (தன்னிச்சையாகச் சுரப்பிகளையும் கண்மணியையும் இயக்கும் நரம்பு அமைப்பு) கேங்க்லியான், அதாவது நரம்பு முடிச்சு, நான்கும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) ஸ்பாட்டரிலும் (பொருளைக் காட்டி அடையாளம் கேட்கும் தேர்வு) தடுமாறாமல் இருக்க எங்கிருந்து தொடங்கலாம்?

எலும்பறை

தம்பி, பட்டியலை மூடிவிட்டு எலும்பை எடுங்கள். முதல் வேலை அதைச் சரியான நிலையில் பிடிப்பது. கண்குழியின் கீழ் விளிம்பும் வெளிக்காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில் வர வேண்டும். இதற்கு ஃபிராங்க்ஃபர்ட் தளம் என்று பெயர். வைவாவில் எலும்பை வாங்கியதும் இப்படிப் பிடித்தாலே கேட்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

அடுத்து, மேல்மூடி கழற்றிய மண்டையோட்டை உள்ளிருந்து பாருங்கள். முன்குழி மேல்படி, நடுக்குழி அடுத்த படி, பின்குழி கடைசிப் படி. நடுக்குழியில் தொடங்குங்கள். அங்கே முன்னிருந்து பின்னாக, பிறை போல வளைந்து நான்கு வாசல்கள்: சுப்பீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர், ரொட்டண்டம், ஓவேல், ஸ்பைனோசம். முதல் மூன்றிலும் ட்ரைஜெமினல் நரம்பின் (5-ஆம் மண்டை நரம்பு) மூன்று கிளைகள் அதே வரிசையில் வெளியேறுகின்றன: ஆஃப்தால்மிக், மேக்ஸிலரி, மாண்டிபுலர். நான்காவதில் மிடில் மெனிஞ்சியல் ஆர்ட்டரி உள்ளே வருகிறது. ஃபிஷர் வழியாக 3, 4, 6-ஆம் மண்டை நரம்புகளும் போகின்றன. அவை கண்ணை அசைப்பவை, கண்குழிக்குப் போக அதுதான் வழி.

இப்போது எலும்பைக் கவிழ்த்துங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். கீழிருந்து பார்த்தால் ரொட்டண்டம் தெரியாது. அது முன்னோக்கி டெரிகோபேலட்டைன் ஃபாஸாவில் (ஃபாஸா என்றால் குழி) திறக்கிறது. ஆகவே கீழிருந்து தெரியும் முட்டை வடிவத் துளையை ரொட்டண்டம் என்று சொன்னால் அடுத்த கேள்விக்கே போக மாட்டார்கள். லேட்டரல் டெரிகாய்டு பிளேட்டின் பின்விளிம்பை விரலால் மேல்நோக்கித் தொடருங்கள், ஓவேலுக்குப் பக்கத்தில் கொண்டுவிடும். அதற்குப் பின்னே, சற்று வெளிப்புறமாக இருக்கும் சிறு துளை ஸ்பைனோசம். அதை ஒட்டி முள் போல நிற்பது ஸ்பைன் ஆஃப் ஸ்பீனாய்டு. துளைக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

துளைகளில் ஈர்க்குச்சியோ பேனாவோ விடாதீர்கள். கண்குழியின் உட்சுவரில் எத்மாய்டு எலும்பு காகிதம் போல மெல்லியது, ஒரு அழுத்தில் பொத்துப்போகும். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஒயர் போதும், நரம்புக்கு ஒரு நிறம். ஒயர் எங்கே நுழைந்தது, எந்தக் குழியில் வெளியே வந்தது என்று இரண்டு முனையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நுழையும் இடத்தை மட்டும் படிப்பதால்தான் மறக்கிறது.

லாசரம் பற்றி: படம் சரி, நோட்ஸ் தவறு. உயிருள்ளவரிடம் அதன் கீழ்ப்பகுதி குருத்தெலும்பால் மூடியிருக்கும். கரோடிட் தமனி பெட்ரஸ் எலும்பின் (டெம்போரல் எலும்பின் கெட்டியான உட்பகுதி) அடியிலுள்ள கரோடிட் கேனாலில் நுழைந்து, மேலேறி, முன்னும் உள்ளுமாகத் திரும்பி, அந்த எலும்பின் முனையில் வெளிவருகிறது. பிறகு லாசரத்தின் மேற்பகுதியைக் கடந்து கேவர்னஸ் சைனஸுக்குப் (மண்டைக்குள் உள்ள ஒரு சிரை அறை) போகிறது. கீழிருந்து மேலாக லாசரத்தைத் துளைத்துப் போவதில்லை. காய்ந்த எலும்பில் குருத்தெலும்பு போய்விடுவதால் பெரிய ஓட்டையாகத் தெரிந்து ஏமாற்றுகிறது.

பின்குழி சுலபம். இன்டர்னல் அக்கௌஸ்டிக் மீட்டஸில் 7, 8-ஆம் நரம்புகள். ஜுகுலர் ஃபொரமெனில் 9, 10, 11, கூடவே சிக்மாய்டு சைனஸ் இன்டர்னல் ஜுகுலர் வெயினாக மாறும் இடம். ஹைப்போகிளாஸல் கேனாலில் 12.

காது_மூக்கு_தொண்டை

மேலே சொன்னதோடு ஒரு கேள்வியைச் சேருங்கள்: இது அறுபட்டால், அடைபட்டால் என்ன ஆகும்? பதில் தெரிந்த அமைப்பு மறக்காது.

டெரியானை எடுங்கள். ஃப்ரான்டல், பரைட்டல், டெம்போரல், ஸ்பீனாய்டு நான்கும் கூடும் இடம். ஸைகோமாட்டிக் ஆர்ச்சின் நடுவிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. மேலே. எலும்பு அங்கே மெலிவு, உட்புறத்தில் மிடில் மெனிஞ்சியலின் முன்கிளை ஓடுகிறது. பொட்டில் அடிபட்டு எலும்பு உடைந்து தமனி கிழிந்தால் ரத்தம் டியூராவை (மூளையின் வெளியுறை) எலும்பிலிருந்து உரித்துக்கொண்டு தேங்கும். சிடி ஸ்கேனில் லென்ஸ் வடிவம். டியூரா சூச்சர்களில் (மண்டையெலும்புகள் இணையும் கோடுகள்) இறுகப் பிடித்திருப்பதால் பொதுவாக அவற்றைத் தாண்டிப் பரவாது. சப்டியூரலில் (டியூராவுக்கு உட்புறம் ரத்தம் தேங்கும்போது) கிழிவது பிரிட்ஜிங் வெயின்கள்; பிறை வடிவம், சூச்சரைத் தாண்டும்.

ஸ்கேல்ப்பின் (தலையின் மேல்தோல் பகுதி) ஐந்து அடுக்குகளில் நான்காவதுதான் கவனிக்க வேண்டியது, தளர்வான இணைப்புத் திசு. ஃப்ரான்டாலிஸ் தசைக்கு நெற்றி எலும்பில் ஒட்டு இல்லை. அதனால் உச்சியில் அடிபட்டுத் தேங்கும் ரத்தம் அந்த அடுக்கிலேயே வழிந்து கண் இமைக்கு வந்து சேரும். கண்ணில் அடியே படாமல் இமை கறுப்பதன் காரணம் இது. இரண்டாவது அடுக்கு அடர்த்தியான நார்த்திசு. அறுந்த ரத்தக் குழாயின் வாயைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடிப்பதால்தான் சின்னக் காயத்திலும் ரத்தம் கொட்டுகிறது.

ஃபேஷியல் நரம்பைத் (7-ஆம் நரம்பு) தனியாக ஒரு மாலை முழுக்கப் படியுங்கள், அவ்வளவு கேள்வி வரும். பரோட்டிட் சுரப்பிக்குள் (காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) வெளியிலிருந்து உள்ளாக நரம்பு, ரெட்ரோமாண்டிபுலர் வெயின், எக்ஸ்டர்னல் கரோடிட். நரம்பு சுரப்பியைப் பிளந்து போகிறதே தவிர அதைச் சுரக்க வைப்பது 9-ஆம் நரம்பு. முகவாதத்தில் பாதிப்பு எந்த மட்டத்தில் என்பதைக் கிளைகளே சொல்லும்: கண்ணீர் குறைந்தால் ஜெனிகுலேட் கேங்க்லியான் மட்டத்திலோ அதற்கு முன்போ, கண்ணீர் சரி, ஆனால் சத்தம் காதை உறுத்துகிறது என்றால் ஸ்டேப்பீடியஸ் (நடுக்காதுச் சிறு தசை) கிளைக்கு முன், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் சுவை போனால் கார்டா டிம்பனி என்ற கிளைக்கு முன், தசை மட்டும் செயலிழந்தால் ஸ்டைலோமாஸ்டாய்டு ஃபொரமெனுக்கு வெளியே. நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் கோணினால் பாதிப்பு மூளையில், ஏனென்றால் மேல்முகத்துக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது.

பக்ஸினேட்டரில் (கன்னத் தசை) ஏமாறாதீர்கள். தசையை இயக்குவது ஃபேஷியலின் பக்கல் கிளை. மாண்டிபுலரின் பக்கல் நரம்பு கன்னத்துக்கு உணர்ச்சி மட்டும் தரும். பெயர் ஒன்று, வேலை வேறு.

முதலாண்டு_மாணவன்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ரொட்டண்டத்தை நான் கீழிருந்துதான் தேடிக்கொண்டிருந்தேன்! கேங்க்லியானுக்கும் இப்படி ஒரு வழி உண்டா?

நரம்புவழி

உண்டு. ஒவ்வொன்றையும் பஸ் மாறும் நிலையமாக நினையுங்கள். மூன்றே கேள்வி: எந்த நரம்பில் ஏறியது, எங்கே மாறியது, எதன் மேல் ஏறி உறுப்புக்குப் போனது. பாராசிம்பதெடிக் இழை மட்டும்தான் அங்கே இறங்கி மாறும். சிம்பதெடிக்கும் உணர்ச்சி இழையும் நிற்காமல் கடந்துபோகும்.

சீலியரி: 3-ஆம் நரம்பில் வந்து, ஷார்ட் சீலியரி நரம்புகளில் போய்க் கண்மணியைச் சுருக்கும், லென்ஸைத் தடிக்க வைக்கும்.

டெரிகோபேலட்டைன்: 7-இலிருந்து கிரேட்டர் பெட்ரோசல் பிரியும். லாசரம் பக்கத்தில் டீப் பெட்ரோசலோடு சேர்ந்து டெரிகாய்டு கேனால் நரம்பாகும். மாறிய பின் மேக்ஸிலரியின் கிளைகளில் கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்கு, அண்ணச் சுரப்பிகளுக்கும்.

சப்மாண்டிபுலர்: இதுவும் 7, ஆனால் கார்டா டிம்பனி வழி. அது இன்ஃப்ராடெம்போரல் ஃபாஸாவில் லிங்குவல் நரம்போடு சேர்ந்துகொள்ளும். தாடைக்கும் நாக்குக்கும் அடியிலுள்ள சுரப்பிகள் இதனுடையவை.

ஓட்டிக்: இது மட்டும் 9. டிம்பனிக் கிளை நடுக்காதில் பின்னலாகி, லெஸ்ஸர் பெட்ரோசலாக வெளிவந்து, ஓவேலுக்குச் சற்றுக் கீழே ஓட்டிக்கில் மாறி, ஆரிக்குலோடெம்போரலில் பரோட்டிட்டுக்குப் போகும். பரோட்டிட் அறுவைக்குப் பிறகு இந்த இழைகள் வழி தவறி வியர்வைச் சுரப்பிகளுக்குள் வளர்ந்தால், சாப்பிடும்போது கன்னம் வியர்க்கும். ஃப்ரே சின்ட்ரோம் என்பது இதுதான்.

பாருங்கள், சீலியரி தவிர மற்ற மூன்றிலும் கடைசிப் பயணம் ட்ரைஜெமினலின் முதுகில்தான். வெள்ளைத்தாளில் நான்கு வழியையும் புத்தகம் பார்க்காமல் வரையுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அதை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு மறுநாள் மறுபடி முதலிலிருந்து வரையுங்கள்.

முதலாண்டு_மாணவன்

கடைசியாக ஒன்று. லெஸ்ஸர் பெட்ரோசல் ஓவேல் வழியாகத்தான் இறங்குகிறது என்று வைவாவில் உறுதியாகச் சொல்லலாமா?

எலும்பறை

வழக்கமாக ஓவேல் என்று சொல்லுங்கள். சிலரிடம் ஓவேலுக்கும் ஸ்பைனோசத்துக்கும் இடையே கேனாலிகுலஸ் இன்னாமினேட்டஸ் என்ற தனிச் சிறுதுளை இருக்கும், அப்போது அதன் வழியாக இறங்கும். துறையில் உள்ள மண்டையோடுகளை வரிசையாக எடுத்து அந்த இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இருக்கும் எலும்பையும் இல்லாத எலும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓவேல், ஸ்பைனோசம் குழப்பமும் அப்போதே தீரும்.