அம்மாவின் பழைய சேலைகளில் கையால் கோதடிப் போர்வை தைக்க முடியுமா?

நூல்கண்டு:
புனேவுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டு ஆஜியிடம் (மராத்தியில் பாட்டி) ஒரு கோதடி இருக்கிறது, ஒன்பது கஜப் புடவைகளை அடுக்கி அவருடைய அம்மா தைத்ததாம். ஒரு மழைநாளில் அதைப் போர்த்திக்கொண்டு டீ குடித்ததிலிருந்து எனக்கும் ஒன்று தைக்க வேண்டும் என்று கிறுக்குப் பிடித்திருக்கிறது. ஊரில் அம்மாவிடம் பழைய சுங்குடியும் காட்டன் சேலைகளுமாக ஏழெட்டு கிடக்கின்றன, விட்டால் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் அன்னக்கூடை வாங்கிவிடுவார். எனக்குத் தெரிந்த தையல் பட்டன் தைப்பது மட்டுமே. எத்தனை அடுக்கு? உள்ளே பஞ்சு வேண்டுமா? பேசாமல் மெஷினில் ஓட்டிவிடலாமா?

மொட்டைமாடி:
பஞ்சு வேண்டாம், நைந்த சேலையே போதும். ஆசையில் நான் முதல் தடவை ஏழு அடுக்கு வைத்தேன், ஊசி இறங்கவேயில்லை, கட்டைவிரல் புண்ணானதுதான் மிச்சம். நாலு வையுங்கள். முக்கியமாக, எல்லாம் ஒரே அளவுக்கு நைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு புதுத்துணி வந்தால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி மற்றதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சுங்குடி சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத்துணியால் அழுத்திப் பாருங்கள், நான் பார்க்கவில்லை, என் முதல் போர்வை முழுக்க ரோஸ் கலர். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, மூலைக்கு ஒரு செங்கல் வைத்து, முதலில் பெரிய பெரிய தையலாகத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் அதைப் பிரித்துவிடலாம்.

காளிகாட்:
கொல்கத்தாவில் இருக்கிறேன். இங்கே காந்தா என்பதும் இதே சங்கதிதான், ஊசியை மேலும் கீழுமாகக் குத்தி ஓட்டிக்கொண்டே போகும் வெறும் ஓட்டுத்தையல். நூலைக்கூட அந்தக் காலத்தில் சேலைக் கரையிலிருந்தே உருவியிருக்கிறார்கள். அந்த காந்தாவும் நம் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' கந்தையும் ஒரே சொல் என்று தெரிந்த அன்று எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷம்! நெருக்கமாகத் தைத்தால் துணி குளத்துத் தண்ணீர் மாதிரி சின்னச் சின்ன அலையாக எழும்பும், பார்த்துப் பார்த்துத் தடவத் தோன்றும். இப்போது கடையில் காந்தா என்று விற்பதில் பாதி புதுப் பட்டில் போட்ட எம்பிராய்டரி, அழகுதான், ஆனால் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
நாலு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொள்வதற்கு மெஷினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமே. கடையில் பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வையே கிடைக்கிறது.

மொட்டைமாடி:
அப்படியும் தைத்துப் பார்த்தாயிற்று அண்ணா. மெஷினில் மேல்நூலும் அடிநூலும் பின்னிப் பூட்டிவிடும், போர்வை அட்டை மாதிரி நிற்கும். கைத்தையலில் ஒரே நூல் மேலும் கீழும் போய் வருகிறது, துணி உடம்போடு குழையும். நேரமும் வீணில்லை, ராத்திரி சீரியல் ஓடும்போது கை பாட்டுக்குத் தைக்கும். என் போர்வையில் எந்த வரி தூக்கக் கலக்கத்தில் தைத்தது, எது கோபத்தில் தைத்தது என்று இப்போதும் காட்டுவேன்.

சிர்சிக்காரி:
கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்த் போர்வை பார்த்திருக்கிறீர்களா? ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அடியில் ஒரு சேலை, மேலே கிடைத்த துண்டுகளையெல்லாம் வைத்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் தைக்கிறேன், கோடு நேராக வரவில்லை என்ற கவலையே கிடையாது. முதலில் தொட்டில் அளவுக்கு ஒன்று தைத்துப் பாருங்கள், பெரியதில் கைவைத்தால் பாதியில் பரணுக்குப் போய்விடும்.

நூல்கண்டு:
அம்மாவுக்கு போன் போட்டேன், அன்னக்கூடை வந்துவிட்டதாம். ஆனால் அரக்கு சுங்குடி உட்பட மூன்று சேலை தப்பியிருக்கிறது. சரி, தொட்டில் அளவுதான். ஊசி எந்த நம்பர் வாங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.