விடியற்காலைக் கடல் படங்களில் வெண்புகை: லென்ஸ் கெட்டுவிட்டதா?

நண்டுத்தடம்:
சென்ற ஆகஸ்டில் சூரியன் கடலிலிருந்து எழுவதை எடுப்பதற்காகவே தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள் தங்கினேன். 5.35க்கு அறையிலிருந்து இறங்கி, மாசிலாமணிநாதர் கோயில் பக்கமிருந்து டேன்ஸ்போர்க் கோட்டை வரை கரையோரமாக நடந்துகொண்டே எடுத்தேன். முதல் அரை மணி நேரப் படங்கள் அத்தனையும் பால் ஊற்றியதுபோல் இருக்கின்றன. வானம் செக்கச்செவேலென்று இருந்ததே அந்த நேரத்தில்தான்! 6.15க்குப் பிறகு எடுத்தவை பளிச்சென்று வந்திருக்கின்றன. ஆனால் அதற்குள் நிறமெல்லாம் போய்விட்டது. இரண்டு நாளும் இதே கதை.

இன்னும் இரண்டு தொல்லைகள். வானத்தில் நான்கு சாம்பல் புள்ளிகள், எல்லாப் படங்களிலும். அலை பஞ்சுபோல் வரட்டும் என்று இரண்டு விநாடி ஷட்டர் வைத்தேன். டிரைபாட் இருந்தும் அலையோடு சேர்ந்து பாறையும் கலங்கிவிட்டது. 18-55 லென்ஸ், எஃப் 22 (எண் கூடினால் ஒளி புகும் துளை சிறிதாகும்), ஐ.எஸ்.ஓ. 100. லென்ஸுக்கு எட்டு வயது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?

மேகம்பார்ப்பவன்:
பூஞ்சையேதான். நம் ஊர் ஈரத்தில் எட்டு வருடம் தாங்கியதே பெரிது. எனக்கும் ஒரு லென்ஸ் இப்படித்தான் போனது. பழுது பார்க்கும் செலவில் பழைய லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம்.

உப்புக்காற்று:
அவசரப்படாதீர்கள். பூஞ்சை 5.35க்கு வந்து 6.15க்குக் கிளம்பிப் போகாது. தம்பி, இரண்டு கேள்வி: இரவு ஏ.சி. போட்டுத் தூங்கினீர்களா? மூக்குக் கண்ணாடி அணிபவரா?

நண்டுத்தடம்:
இரண்டுக்கும் ஆம் ஐயா. கேமரா மேசை மேல், ஏ.சி.க்கு நேர் எதிரே இருந்தது. நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது: வாசலைத் தாண்டியதுமே என் கண்ணாடி பனித்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு நடந்தேன். லென்ஸைப் பார்க்கத் தோன்றவில்லை.

உப்புக்காற்று:
அவ்வளவுதான் விஷயம். இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடி, கடற்கரையின் ஈரக் காற்றைத் தொட்டதும் வியர்த்துவிட்டது. குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். லென்ஸ் வெளிச் சூட்டுக்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். அதனால்தான் தானாகத் தெளிந்தது. துடைத்தாலும் மறுபடி பனிக்கும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் உள்ளே படம் பதியும் சென்சார் வரை போய்விடும்.

இரவே கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். பை மூடியபடியே இருக்கட்டும். ஈரம் பை மீது படியும், கேமராவும் மெல்லச் சூடேறும். எடுத்த படங்கள் ரா கோப்பாக (கேமரா பதிவு செய்த மூல வடிவில்) இருந்தால் கறுப்பை ஆழமாக்கிப் பாருங்கள், கொஞ்சம் மீளும்.

மேகம்பார்ப்பவன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே ஒருமுறை பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால்தான் பூஞ்சை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசியில் புதைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், தூசிதான் மிஞ்சும்.

மணற்கால்:
புள்ளிகள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் என்றால் சென்சார் தூசி. எஃப் 22இல் துல்லியமாகத் தெரியும், எஃப் 5.6இல் கரைந்துவிடும். எஃப் 22 அளவுக்கு அபெர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையைச் சுருக்கினால் ஒளி சிதறிப் படத்தின் கூர்மையும் குறையும். எஃப் 8 முதல் 11 வரை போதும். எஃப் 11 என்றால் வெளிச்சம் நான்கு மடங்கு கூடி, இரண்டு விநாடி அரை விநாடியாகிவிடும். ஆகட்டுமே. திரும்பும் அலை கோடு கோடாக விழுவதற்கு அரை விநாடி தாராளம். பஞ்சுக் கடல் எனக்குப் பிடிப்பதில்லை, அது பனிமூட்டம் மாதிரி இருக்கிறது.

பாறை கலங்கியதற்கு மணல் காரணமாக இருக்கலாம். அலை திரும்பும்போது டிரைபாடின் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், கால் புதையும். ஒவ்வொரு காலையும் இனி இறங்காது என்னும் வரை அழுத்திவிட்டு, மூன்று நான்கு அலைகள் போன பிறகு எடுங்கள். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணையுங்கள். கையால் அழுத்தாமல் இரண்டு விநாடி டைமர் வையுங்கள். திரும்பியதும் டிரைபாடை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள். நான் மறந்தேன், திருகுகள் உப்பில் இறுகிவிட்டன.

நண்டுத்தடம்:
நேற்று மறுபடி போய் வந்தேன். நாலரைக்கு ஏ.சி.யை அணைத்ததில் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் முதல் படமே தெளிவு! கோயில் முன்னுள்ள பாறைகள் அசையவில்லை. எஃப் 11இல் இரண்டு புள்ளிகள் மட்டும் லேசாகத் தெரிகின்றன. வாயால் ஊதலாமா?

மணற்கால்:
ஐயையோ, வேண்டாம். எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுகுழல் வாங்குங்கள். சென்சார் சுத்தம் செய்யும் அமைப்பை மெனுவில் இயக்கி, லென்ஸைக் கழற்றிய கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். அதற்கும் போகாவிட்டால் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.