கிந்தா சுண்ணாம்பு மலைகள்: முதல் செலவு லைடாருக்கா, குகை அளவைக்கா?

கல்லுமலையான்:
மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகளையும் குகைகளையும் பராமரிக்க ஒரே வரைபடத் தொகுப்பு வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மறுப்பில்லை. 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. ஆனால் மலையடிவாரத்தைப் பாருங்கள்: கோயில், வீடு, கல்குவாரி, தோட்டம், பழைய ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது) எல்லாம் பாறையை ஒட்டியே இருக்கின்றன. கையில் இருப்பது கொஞ்சப் பணம் என்றால் முதலில் எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி.

லைடாருக்கு என்கிறேன்: மேலே பறந்தபடி லேசர் துடிப்பு அனுப்பித் தரையின் உயரத்தை அளக்கும் கருவி அது. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு இரண்டு. 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் ஒன்று, டான்டெம்-எக்ஸ் ரேடாரிலிருந்து வந்த கோப்பர்னிக்கஸ் இன்னொன்று. இரண்டிலும் கட்டம் 30 மீட்டர். நூறு மீட்டர் செங்குத்துப் பாறை ஒரே கட்டத்துக்குள் முடிந்துவிடும். அதோடு அவை காட்டுவது மரத்தின் உச்சியை, தரையை அல்ல. ட்ரோன் படங்களை ஒட்டிச் செய்யும் முப்பரிமாண உருவத்துக்கும் இதே குறைதான். இலைக்குக் கீழே கேமரா பார்க்காது. லைடார் துடிப்பு இலை இடுக்கு வழியாகக் கீழே போகும். சதுர மீட்டருக்கு 200 புள்ளி விழுந்து, அதில் நூற்றுக்கு ஒன்றே தரையைத் தொட்டாலும் 2 தரைப் புள்ளி மிஞ்சும். 1 மீட்டர் கட்டத்துக்கு அது போதும்.

குகைவரைவோன்:
அண்ணே, கணக்கு சரி. ஆனால் அந்தத் தரை மாதிரியில் குகை எங்கே இருக்கிறது? ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம்தான் எழுத முடியும். வெளியே துருத்தி நிற்கும் பாறைக்குக் கீழே என்ன இருந்தாலும் மறைந்துவிடும். கிந்தாவில் பெரும்பாலான குகைவாய் மலையடியில், அப்படித் துருத்திய பாறைக்கு அடியில்தான் இருக்கிறது. மேலிருந்து எத்தனை முறை பறந்தாலும் அது அகப்படாது.

நிர்வாகத்துக்குத் தேவையான கேள்விகள் வேறு. குகை எந்தப் பக்கம் போகிறது? கூரை எவ்வளவு தடிமன்? குவாரி முகப்புக்கும் குகைச் சுவருக்கும் எத்தனை மீட்டர்? உள்ளே போய் அளக்காமல் இவற்றுக்குப் பதில் கிடையாது. அதற்கு விமானமும் வேண்டாம். டிஸ்டோஎக்ஸ் (தூரம், திசை, சாய்வு மூன்றையும் அளக்கும் கையடக்க லேசர் கருவி) ஒன்று, கைபேசி அல்லது டேப்லெட் ஒன்று, மூன்று பேர். குகைப் படம் வரையும் தெரியன், சர்வெக்ஸ் இரண்டும் இலவச மென்பொருள்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் அளவுத்திருத்தத்தில். 14 திசை, ஒவ்வொன்றிலும் கருவியை உருட்டி 4 தடவை, ஆக 56 குறி. இரும்புக் கம்பியில்லாத இடத்தில், குகைக்கு வெளியே செய்ய வேண்டும். பேட்டரி மாற்றினால் மறுபடியும். தலைவிளக்கின் பேட்டரிப் பெட்டி, கத்தி, இரும்புக் கைப்பிடி, சுற்றுலாப் பாதைக் கம்பி எல்லாமே திசையைக் கெடுக்கும். குவா தெம்புரோங் மாதிரி படிக்கட்டும் கைப்பிடியும் போட்ட குகையில் கம்பியிலிருந்து விலகி நின்றுதான் குறி பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் (குறி பார்க்கும் அளவைப் புள்ளி) முன்னும் பின்னும் அளந்தால் கெட்ட குறி அங்கேயே தெரிந்துவிடும். சுற்றி வந்து அதே நிலையத்தில் முடிக்கும்போது பிழை நீளத்தில் 2 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்தக் கண்ணியைத் திரும்ப அளக்க வேண்டியதுதான்.

கல்லுமலையான்:
அந்த 2 விழுக்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் குகையின் கடைசி நிலையம் 20 மீட்டர் தள்ளி இருக்கலாம். தொடங்கும் இடமாவது உறுதியா? குகைவாயில் ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடங்காட்டி) வைத்தால் பாதி வானத்தைப் பாறை மறைக்கும். மீதி சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வரும். கைபேசி காட்டும் இடம் எங்கோ இருக்கும். போதாததற்கு பழைய நிலவரைபடங்கள் கெர்தாவ் ஆதாரத்தில் (ஆயத்தொலைகளுக்கான பழைய அடிப்படை) வரைந்தவை. அதைக் கவனிக்காமல் இன்றைய ஜிபிஎஸ் ஆதாரமான டபிள்யூஜிஎஸ்84 மேல் வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். குவாரியிலிருந்து இத்தனை மீட்டர் என்று இப்படிப்பட்ட படத்தை வைத்து அதிகாரியிடம் வாதாட முடியாது.

இன்னொன்று பாறைச் சரிவு. 1973 அக்டோபரில் ஈப்போ நகரின் குனோங் சீரோ மலையில் பாறை பெயர்ந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். எந்த முகப்பு எவ்வளவு உயரம், அதன் அடியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் வரைபடமாக இருக்க வேண்டும்.

நிலவியல்_வாத்தியார்:
இருவரும் சொல்லாத ஒரு விஷயம்: லைடார் வாங்குவதோடு வேலை முடியாது, புள்ளிகளில் தரையை மரத்திலிருந்து பிரிப்பதில்தான் கிந்தா மலைகள் காலை வாரிவிடும். பிடிஏஎல் மென்பொருளில் அந்த வேலையைச் செய்யும் எஸ்எம்ஆர்எஃப் வடிகட்டியில் இயல்பாக வரும் சாய்வு 0.15, சாளரம் 18 மீட்டர். சமவெளிக்கு நல்லது. இதே எண்களோடு கோபுர மலையில் ஓட்டினால் கூரான பாறை முனைகளை மரம் என்று நினைத்து வெட்டி எறியும். மலையுச்சி மொட்டையாகிவிடும், அடுத்து வரும் கூரைத் தடிமன் கணக்கு முழுவதும் தப்பு. சாய்வைத் தாராளமாகக் கூட்டினாலோ மரக்கிளை தரைக்குள் நுழையும். ஆகவே மலையையும் சமவெளியையும் வெட்டித் தனித்தனி எண்களில் ஓட்டுங்கள். விளிம்பில் 50 மீட்டர் மேற்பொருந்தல் விட்டு, பிறகு சேர்க்க வேண்டும். குறுக்குவெட்டு எடுத்துக் கண்ணால் பார்க்காமல் எந்தத் தரை மாதிரியையும் நம்பாதீர்கள்.

பாறைச் சரிவுக்கு மேலிருந்து பறந்த லைடார் போதாது. முகப்பை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து 30 மீட்டர் தள்ளி, கேமராவைக் கிடைமட்டமாக வைத்து, பக்கவாட்டில் வரிசை வரிசையாக, 80க்கு 70 விழுக்காடு மேற்பொருந்தலில் படம் எடுங்கள். 13.2 மில்லிமீட்டர் அகலச் சென்சார், 8.8 மில்லிமீட்டர் குவியம், 5472 படப்புள்ளி உள்ள கேமராவில் ஒரு புள்ளி பாறையில் சுமார் 0.8 சென்டிமீட்டர். விரிசல் திறந்திருக்கிறதா, மேலிருந்து மர வேர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். பாறைக்கு அருகே ட்ரோனின் ஆர்டிகே நிலைப்பு (சென்டிமீட்டர் துல்லிய இடங்காட்டல்) அறுந்துபோகும். தொலைவிலிருந்து அளந்த அடையாளப் புள்ளிகள் நாலைந்தாவது முகப்பிலேயே தெரிய வேண்டும். வான்போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, நில அளவைத் துறையின் அனுமதி இரண்டும் முன்னதாகவே கேட்டு வையுங்கள். ஈப்போ விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது.

ரேடார்_ராஜன்:
இவ்வளவு செலவு எதற்கு? சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் தரவு இலவசம். வெவ்வேறு நாளில் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிடும் இன்சார் முறையில் நிலம் மில்லிமீட்டர் கணக்கில் தாழ்வதைப் பார்க்கலாம். ஈப்போவில் நிலம் உள்வாங்கும் இடங்களை முன்கூட்டியே பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2024 ஆகஸ்ட் 23இல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் உள்ளே போனார். அப்படி இன்னொன்று நடக்கக் கூடாது.

நிலவியல்_வாத்தியார்:
ராஜன், உங்கள் கவலை நியாயம். கருவி பொருந்தாது என்பதுதான் சிக்கல். சென்டினல்-1இன் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர். காட்டில் இலை அசைந்தாலே இரண்டு படத்துக்கும் ஒப்புமை போய்விடும். 24 சென்டிமீட்டர் அலையில் வேலை செய்யும் ஆலோஸ்-2 செயற்கைக்கோள் காட்டில் பரவாயில்லை. நகரத்தில் கட்டடங்கள் இருப்பதால் சென்டினல் வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கிந்தாவில் குழி விழும் விதத்தைப் பாருங்கள். மேலே வண்டல், கீழே கூர்முனைகளும் பிளவுகளுமாகச் சுண்ணாம்புப் பாறை. நிலத்தடி நீர்மட்டம் இறங்கினாலோ குழாய் கசிந்தாலோ மண் பிளவு வழியாகக் கீழே போகும். மண்ணுக்குள் ஒரு வளைவுக் குடைவு உண்டாகி மெல்ல மெல்ல மேலேறும். தரை கடைசிவரை அசையாமல் இருந்துவிட்டு ஒரே நேரத்தில் விழலாம். ரேடார் பார்ப்பது தரையின் மேற்பரப்பை. மெதுவாக அமுங்கும் இடங்கள், அதிலும் ஈயக்கசடு நிரப்பிய நிலம், இதில் தெரியும். திடீர்க் குழிக்கு இதை எச்சரிக்கை மணியாகக் கொடுத்தால் மக்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்ததாக ஆகும்.

ரேடார்_ராஜன்:
அப்படியானால் லைடார் தரையில் பள்ளங்களைத் தேடலாமே? பள்ளத்தை நிரப்பி, நிரப்பியதிலிருந்து அசலைக் கழித்தால் குழிப் பட்டியல் வந்துவிடும்.

நிலவியல்_வாத்தியார்:
வரும், அதில் பெரும்பகுதி ஈயக்குட்டையாக இருக்கும். கிந்தா முழுக்க லம்பம் (ஈயச் சுரங்கம்) வெட்டிய நிலம். லைடாரின் அகச்சிவப்பு ஒளி தண்ணீரிலிருந்து ஒழுங்காகத் திரும்பாது. அங்கே வெற்றிடம் விழும், மென்பொருள் அதை முக்கோணங்களால் மூடிவிடும். சென்டினல்-2இன் பச்சை, அண்மை அகச்சிவப்பு பட்டைகளில் நீர்க்குறியீடு கணக்கிட்டு முதலில் குட்டைகளை நீக்குங்கள். ஒரே நாள் படத்தை நம்ப வேண்டாம், மேகம் விடாது. ஓராண்டுப் படங்களின் இடைநிலை மதிப்பு எடுத்தால் தேறும். காட்டுக்குள் உயரப் பிழை 0.3 மீட்டர் என்றால் 1 மீட்டருக்குக் குறைந்த பள்ளத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நிரப்பி வீடு கட்டிய குட்டை எந்தப் புதிய படத்திலும் தெரியாது. அதற்குப் பழைய நிலவரைபடத்தில் இருக்கும் சுரங்க எல்லைகளை வரைந்தெடுப்பதுதான் வழி.

தஞ்சோங்_செல்வி:
நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை யாரும் தொடவில்லையே, வாத்தியார்? லைடார் தரையை வைத்துக் கணினி வரையும் நீர்ப்பிடிப்பு எல்லை சுண்ணாம்பு நிலத்தில் செல்லாது. கிழக்கே தித்திவாங்சா கருங்கல் மலையிலிருந்து வரும் ஓடை சுண்ணாம்பைத் தொட்டதும் உள்ளே இறங்கி, வேறொரு பக்கம் ஊற்றாக வரலாம். ஃப்ளூரசின் சாயம் விட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். சாயம் விடுவதற்கு முன்னரே எல்லா ஊற்றிலும் கரித்தூள் பொட்டலம் கட்டி ஒரு வாரம் வைத்து, ஏற்கெனவே ஏதும் ஒளிர்கிறதா என்று பாருங்கள். வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டிலும் இந்தச் சாயம் உண்டு. பக்கத்தில் ஒரு பட்டறை இருந்தால் முடிவு குழம்பிவிடும். கீழே குடிநீர் எடுப்பவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கவலை. குனோங் காந்தானில் கண்டெடுத்த லிபிஸ்டியஸ் காந்தான் சிலந்தியை 1997இல்தான் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். இந்தச் சிலந்திகளைப் பிடித்து விற்பவர்கள் உண்டு. உழவாரன் கூட்டைத் திருடுபவர்களும் உண்டு. 0.5 மீட்டர் தரை மாதிரியை அப்படியே இணையத்தில் போட்டால், மேலிருந்து இறங்கும் துளைகள் எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஆயத்தொலையை 1 கிலோமீட்டர் கட்டத்துக்கு மங்கலாக்குவது இங்கே உதவாது. ஒரு மலையே அந்த அளவுக்குள் அடங்கிவிடும், மலையின் பெயரே முகவரி.

குகைவரைவோன்:
செல்வி அக்கா சொல்வது மிக முக்கியம். என் யோசனை: பொதுவில் 10 மீட்டர் கட்டமும் மலைக்கு ஓர் எண்ணும் மட்டும். நுண்தரவும் குகைவாய்களும் தனிக் கோப்பில், யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவோடு.

கல்லுமலையான்:
அதில் பாதி எனக்கு உடன்பாடில்லை. பாறை முகப்புத் தரவை மூடி வைக்கக் கூடாது. அடிவாரத்தில் குடியிருப்பவர் தன் வீட்டுக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்கும் உரிமை உண்டு. குகைவாய் விழும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் திறந்து வையுங்கள்.

தஞ்சோங்_செல்வி:
அது சரிதான் அண்ணே. வெட்டிய ஓட்டையின் வடிவமே குகைவாயைக் காட்டிக்கொடுக்காத மாதிரி, குகையில்லாத இடங்களிலும் சேர்த்து வெட்ட வேண்டும்.

குகைவரைவோன்:
சரி, வரிசைக்கு வருவோம். கூரைத் தடிமன் வேண்டுமென்றால் தரை உயரத்திலிருந்து குகைக் கூரையின் உயரத்தைக் கழிக்க வேண்டும், ஆக இரண்டு தரவும் தேவை; அங்கே உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எந்த மலையின் மேல் பறப்பது என்பதைக் குகை அளவைதான் சொல்லும். எல்லா மலைக்கும் பறந்து பணத்தைக் கரைத்துவிட்டு, உள்ளே போக ஆளுக்குக் கூலி இல்லாமல் நிற்க வேண்டாம். தெம்புரோங் மாதிரி ஆறு மலையை ஊடுருவிப் போகும் குகையில் இரு வாயையும் உறுதியாகக் கட்டிவிட்டால், இடையில் சேரும் பிழை நிலையங்களுக்குப் பகிர்ந்துவிடும். ஒரே வாய் உள்ள குகைக்கு அந்த வசதி இல்லை, அதனால் அங்கே குவாரித் தூரத்தைச் சொல்லும்போது பிழை வட்டத்தையும் சேர்த்தே வரைய வேண்டும்.

கல்லுமலையான்:
குவாரிக்கும் வீட்டுக்கும் அருகில் இருக்கும் முகப்புகளுக்கு முதலில் பறப்போம்; அந்தப் பட்டியலுக்குக் குகை அளவை தேவையில்லை, சாதாரண செயற்கைக்கோள் படமே காட்டிவிடும். அந்த மலைகளுக்குள் நீங்கள் இறங்குங்கள். மற்ற மலைகளைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பறக்கும் நேரத்தில் ஒரு நிபந்தனை: மாலையில் வௌவால் வெளியேறி உழவாரன் திரும்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே ட்ரோன் தரையில் இருக்க வேண்டும்.

குகைவரைவோன்:
ஒத்துக்கொள்கிறேன். வாயில் அடிக்கும் நிலைப்புள்ளி காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், 316 தரம். பாறை திறந்த வெளியை நோக்கி நகரும் இடத்தில் வேண்டாம். வானம் பாதியாவது தெரியும் இடமாகப் பார்த்து, அங்கிருந்து கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனால் குகைக்குள் எடுத்துப் போவோம். ஜிஎன்எஸ்எஸ்ஸை வாயிலேயே வைக்கும் பேச்சு வேண்டாம்.