புதுப்பிப்பு: அந்த எழுத்தாளரிடம் பேசிவிட்டேன்

எழுதத் தொடங்கியிருப்பவர்களிடம் பெரிய எழுத்தாளர்கள் விழாக்களில் முகம் கொடுத்துப் பேசுவார்களா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கையெழுத்து வரிசையில் கடைசி ஆளாக நில்லுங்கள் என்றீர்கள். நின்றேன்.

முன்னால் நின்றவர்களுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. எனக்குப் பத்து நிமிடம்! பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க என்ன எழுதுறீங்க?" என்று அவரே கேட்டார். நான் எழுதிய கதையின் பிரதியை நீட்டவில்லை. பின்னால் கதைத் திருட்டுப் பழி வரலாம் என்று எழுத்தாளர்கள் பலர் அதை வாங்குவதே இல்லை. அவர் நாவலில் பாதியில் காணாமல் போகும் தங்கையைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. அந்த அத்தியாயத்தை நான்கு முறை மாற்றி எழுதினாராம்.

அப்புறம் இன்னொருவரிடம் போனேன். கடிகாரத்தைப் பார்த்தபடியே தலையாட்டினார். வருத்தம்தான். ஆனால் மேடையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார், குரலே கம்மியிருந்தது. அடுத்த முறை அவர் பேசுவதற்கு முன்பே போய்ப் பார்க்கப்போகிறேன்.