வாசனைத் தைலம் தேய்க்கிறது ஓடுறதுக்கு முன்னாடியா, அப்புறமா? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி, பளுதூக்கும் பயிற்சி
2014, 2018 காமன்வெல்த்ல தங்கம் எடுத்த நம்ம சதீஷ் சிவலிங்கம் மாதிரி வரணும்னு பார் பிடிக்கிற பசங்க, தொடையில தைலம் தேய்ச்சிக்கிட்டு மேடை ஏறக் கூடாது. தொடையில எண்ணெய், கிரீஸ், பவுடர் எதுவும் போட்டி விதிப்படி ஆகாது. துடைக்கச் சொல்லுவாங்க, துடைக்கிற வரைக்கும் எடை தூக்கக் கொடுத்த நேரம் ஓடிக்கிட்டே இருக்கும். கையில ஒட்டின தைலம், பிடி வழுக்காம இருக்கக் கையில பூசுற மெக்னீசியம் பவுடருக்கும் அடங்காது, பார் வழுக்கும். சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவுங்க.

குடியாத்தம், கபடி
கபடியிலயும் அப்படித்தான் அண்ணா, உடம்புல எண்ணெய் தடவ விதி விடாது. ஆட்டம் முடிஞ்சு, குளிச்சு, தோல் காய்ஞ்ச பிறகு தேய்க்கலாம். சிராய்ச்ச முட்டி மேல மட்டும் வேணாம்.

காட்பாடி, பிசியோதெரபி
தைலத்தை எண்ணெயில் கலக்கும் அளவில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். 30 மில்லி நல்லெண்ணெய்க்கு மொத்தம் 12 சொட்டுத் தைலம், அதாவது 2 சதவீதம். லாவெண்டர் 6, பெப்பர்மிண்ட் (புதினா வகை) 4, எலுமிச்சைப்புல் 2 என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைப்புல் தைலம் கூடினால் தோல் சிவந்து அரிக்கும். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுக் கலவை தடவி 24 மணி நேரம் பாருங்கள். பிறகு கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஐந்து முதல் பத்து நிமிடம் நீவுங்கள். வலி குறைவதில் பெரும் பங்கு நீவுவதற்குத்தான், வாசனைக்கு அல்ல. தடவிய இடத்தில் தோல் எரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். தைலம் தண்ணீரில் கரையாது, பரவத்தான் செய்யும். துணியில் வெறும் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு.

விண்டர்கிரீன் தைலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலி நிவாரணக் களிம்புகளில் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை இதுதான். கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்து. ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கியதற்குச் சமம். குழந்தை உயிருக்கே ஆபத்து. களிம்பு தடவிய இடத்தில் இதையும் சேர்ப்பது, மேலே கிரேப் பேண்டேஜ் இறுக்குவது, ஹீட்டிங் பேட் வைப்பது, இந்த மூன்றும் கூடாது. சூட்டில் மருந்து தோல் வழியாக வேகமாக இறங்கும், தோலும் வெந்துபோகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வரும் தசைவலிக்குத்தான் இதெல்லாம். வீக்கம், கால் ஊன்ற முடியாமை, ஒரே இடத்தில் குத்துகிற வலி என்றால் தைலம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

வேலூர், ஓட்டப் பயிற்சி
காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும்னு ஓடுற தம்பிங்க கவனத்துக்கு. கத்திரி வெயில்ல குளுகுளுன்னு இருக்குன்னு நெஞ்சு, முதுகெல்லாம் புதினா தைலம் தடவாதீங்க. அதுல இருக்கிற மெந்தால் குளிர் உணர்ற நரம்பைத் தூண்டுது, அவ்வளவுதான். உடம்புச் சூடு இறங்காது. தோல்ல ரத்தக்குழாய் சுருங்குறதால சூடு வெளியேறுறதும் தடைப்படலாம். தலை சுத்தினா நிழல், ஈரத்துணி, தண்ணி. எலுமிச்சைத் தோல் பிழிஞ்ச தைலம் தடவினா 12 மணி நேரம் வெயில்ல போகாதீங்க, தோல் கருத்துக் கொப்பளிக்கும்.

பாட்டில் பழுப்புக் கண்ணாடியா இருக்கட்டும். பைக் பெட்டியில வெச்சு சூடேறின தைலம் காத்துப்பட்டுக் கெட்டுப்போகும். அதைத் தடவினா அலர்ஜி வரும். வாசனை மாறியிருந்தா கொட்டிடுங்க.