டிரான்ஸ்பார்மர் ஆயில் ஃபில்டர் செய்து மூன்றே மாதத்தில் பி.டி.வி. இறங்கிவிட்டது, ஏன்?

புதுவயல் மில்: எங்கள் அரிசி மில்லில் 250 கே.வி.ஏ., 11 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர். வயது 24. தை மாதம் எடுத்த டெஸ்டில் ஆயில் பி.டி.வி., அதாவது ஆயில் தாங்கும் வோல்டேஜ், 22 கிலோவோல்ட்தான் வந்தது. ஃபில்டர் செய்ததும் 56. இப்போது சித்திரையில் மறுபடி 31. கசிவு எதுவும் இல்லை. ஃபில்டர் செய்தவர் ஆயிலையே மாற்றச் சொல்கிறார். மாற்றினால் தீருமா?

காரைக்குடி வைண்டர்: செலவை அப்புறம் பார்க்கலாம். டேங்குக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதர் ஜெல் என்ன நிறம்? ரேடியேட்டர் எப்படி இருக்கிறது?

புதுவயல் மில்: இப்போதுதான் பார்த்தேன். ஜெல்லில் கீழ்ப்பாதி வெளிர் சிவப்பு, மேலே நீலம். அடியில் இருக்கும் ஆயில் கிண்ணம் காய்ந்து கிடக்கிறது, உள்ளே ஒரு செத்த பூச்சி. ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவில் உமித் தூசு ஆயிலோடு சேர்ந்து அடை மாதிரி அப்பியிருக்கிறது.

காரைக்குடி வைண்டர்: கசிவு இல்லை என்றீர்கள், தூசு ஒட்ட ஆயில் எங்கிருந்து வந்தது அண்ணே? அந்த கேஸ்கெட்டைப் பாருங்கள். ஈரம் ஏறி ஜெல் கீழிருந்து நீலம் சிவப்பாக மாறுவது முறைதான். ஆனால் கிண்ணத்தில் ஆயில் இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரமும் தூசியும் நேராக ஜெல்லுக்கு வரும்.

இனி உங்கள் கேள்வி. உள்ளே இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி ஆயிலில் இல்லை, வைண்டிங்கில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில், சுற்றிய காகிதத்தில் இருக்கிறது. ஃபில்டர் மிஷின் ஆயிலில் இருந்ததை மட்டும் எடுத்தது. லோடு ஏறிச் சூடானதும் காகிதம் தன் ஈரத்தை மெல்ல ஆயிலுக்கு விட்டுவிட்டது. புது ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். காகிதம் சிதையும்போது அதுவே தண்ணீரையும் அமிலத்தையும் உண்டாக்கும், அவை மேலும் சிதைக்கும். வைண்டிங்கின் மிகச் சூடான இடத்தில் 98 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சாதாரணக் காகிதம் இரட்டிப்பு வேகத்தில் கிழடாகும். உமி அடைத்த ரேடியேட்டரின் விலை அது. பழைய யூனிட்டைப் பிரித்தால் காகிதம் சுட்ட அப்பளமாக உடைந்து கையில் வரும், பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மின் ஊழியர்: சரியாகச் சொன்னார். ஆயில் மாதிரி எடுத்து ஃபியூரான் டெஸ்ட் கொடுங்கள் தம்பி. காகிதம் சிதையும்போது வரும் பொருள் அது, டேங்கைத் திறக்காமலே காகிதத்தின் வயது தெரியும். புதுக் காகிதத்தில் இழைச் சங்கிலியின் நீளம் சுமார் 1000 கண்ணி, 200 ஆனால் ஆயுள் முடிந்த கணக்கு. ஆயிலை மாற்றிய கையோடு எடுத்தால் அளவு குறைத்துக் காட்டும், அதனால் மாற்றும் முன்பே எடுங்கள். ரிசல்ட் வரும்வரை வாக்கம் போட்டு உலர்த்தவும் அவசரப்பட வேண்டாம். நைந்த காகிதம் உலர்ந்து சுருங்கினால் வைண்டிங் தளரும், ஷார்ட் சர்க்யூட்டில் ஆடிப்போகும்.

புதுவயல் மில்: லைனை ஆஃப் செய்து ரேடியேட்டரைக் கழுவினோம், கேஸ்கெட் மாற்றி, புது ஜெல் போட்டு, கிண்ணத்தில் ஆயில் ஊற்றினோம். அதே லோடு, அதே வெயில், மேல் ஆயில் சூடு 79-லிருந்து 71-க்கு இறங்கியது. மாதிரி லேபுக்குப் போயிருக்கிறது. ஆயில் ஆர்டரை நிறுத்திவிட்டேன், ஃபில்டர்காரருக்குத்தான் முகம் வாடிவிட்டது.